பக்கத்து சீற்றைக் காலியாக விடாதவள்

அவள் என்னிடம் முதன்முதலில் சொன்ன சொல் "வாறீங்களோ?" என்பதுதான். பெயரைச் சொல்லவில்லை, ஊரைக் கேட்கவில்லை. தண்டவாளம் திருத்தும் வேலை என்று ரெயிலை நிறுத்தியிருந்த ஒரு காலை. தகனினி ஸ்டேஷனுக்கு வெளியே மாற்று பஸ்ஸுக்காக ஒரு பெரிய வரிசை நின்றது. மழையோடு காற்றும் சேர்ந்து என் குடையை மறுபக்கம் திருப்பிவிட்டது. அந்த நேரம் பார்த்து, நிலத்துக்கு அடியிலிருந்து வருவதுபோல ஒரு உறுமல். மஞ்சள் நிறத்தில், முதுகில் இரண்டு கறுப்புக் கோடுகளோடு, முகம் அகன்ற ஓர் அமெரிக்கக் கார் எனக்கு முன்னால் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளே சின்ன உருவமாக ஒரு பெண், இருபத்தைந்து இருபத்தாறு வயதிருக்கும், கையில் பெயின்ற் கறை.

"வாறீங்களோ அக்கா? நான் உங்கட வீட்டிலயிருந்து ரெண்டாவது வீடு. உங்கட வாசல் முழுக்கச் செருப்புக் கிடக்கும், பார்த்திருக்கிறன்."

நனைந்த குடையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். "அதையும் கொண்டு ஏறுங்கோ" என்றாள்.

எனக்குக் கிளென்ஃபீல்ட் மோலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவளுக்கு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை வேலை. நகரத்தின் தெற்கு முனையிலிருந்து துறைமுகப் பாலம் தாண்டி வடக்குக் கரைவரை அவள் தினமும் தனியே அந்தப் பெரிய காரில் போய் வந்துகொண்டிருந்தாள் என்பது அன்றுதான் தெரிந்தது. தனியே என்றும் சொல்ல முடியாது. வழியில் யாரையாவது ஏற்றாமல் அவள் போனதே குறைவு. அன்றிலிருந்து அந்தப் பக்கத்து சீற் என்னுடையதாயிற்று. அவள் கடல் கடந்து பேர்த்துக்குக் குடிபோகும்வரை அப்படித்தான்.

மன்னாரில் பிறந்து, பதினொரு வயதில் இங்கே வந்தவள். தமிழும் நன்றாகக் கதைப்பாள், இங்கத்தைய இங்கிலிஷும் மணிமணியாக வரும். ஆனால் எந்த மொழியில் பேசினாலும் கடைசியில் வந்து நிற்பது அந்த ஒரே கேள்வியில்தான். பூசை முடிந்து நின்ற ஃபாதரைக் காரில் ஏற்றினாள். மீற்றர் பார்க்க வந்தவரைத் தெருமுனைவரை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினாள். பாலர் பள்ளிப் பிள்ளைகள் காருக்குத் தேனீ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்களைச் சட்டப்படி ஏற்ற முடியாது என்பதில் அவளுக்கு உண்மையாகவே மனவருத்தம். பதிலுக்கு மதிய இடைவேளையில் வேலிக்குப் பக்கத்தில் காரைக் கொண்டுவந்து நிறுத்தி எஞ்சினை ஒருமுறை முறுக்குவாள். பிள்ளைகள் எல்லாரும் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நிற்பார்களாம், எங்கே அதிர்கிறது என்று பார்ப்பதற்கு.

"ஏன் பிள்ளை உமக்கு இதில இவ்வளவு விருப்பம்?" என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் வரும். ஒருநாள் நிறம் என்றாள். ஒருநாள், எட்டு சிலிண்டர் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கிற தாளம் என்றாள். இன்னொரு நாள், பாலத்தின் உச்சியில் வாகனங்கள் நகராமல் நின்றபோது, ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு, "தெரியாதக்கா. ஆனா எனக்குத் தனியச் சந்தோஷப்படத் தெரியாது. அது மட்டும் தெரியும்" என்றாள்.

இவ்வளவு பலமுள்ள காரை அவள் தெருவில் ஓட்டும் விதம் என் கணவரைவிட மந்தம். ஐம்பது என்று போட்டிருந்தால் ஐம்பதுதான். மோட்டர்வேயில் இளம் பெடியன்கள் தாழ்த்திய ஜப்பான் கார்களில் பக்கத்தில் வந்து, எஞ்சினை முறுக்கி, ஓடுவமா என்று தலையால் கேட்பார்கள். அவள் கண்ணாடியை இறக்கிச் சிரித்துக்கொண்டு இங்கிலிஷில் கத்துவாள்: "ஞாயிற்றுக்கிழமை பாதைக்கு வா. அங்கே ஓடுவோம்." சிலர் தூஷணம் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருமுறை ஒருவன் உண்மையாகவே "எந்தப் பாதை?" என்று கேட்டான். வாகன நெரிசல் புண்ணியத்தில் இரண்டு காரும் பக்கத்துப் பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருக்க, அவள் அவனுக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். ஹெல்மெற் வேண்டும், கை முழுக்க மூடிய சட்டை வேண்டும், காரை முதலில் சோதித்துப் பார்ப்பார்கள், பிறகு யார் வேண்டுமானாலும் ஓடலாம்.

"ரோட்டில ஓடுறது ஓட்டமே இல்லையக்கா" என்றாள் கண்ணாடியை ஏற்றிவிட்டு. "முன்னுக்கு ஆர் வருவினம் எண்டு பாத்துப் பாத்து ஓடவேணும். அங்க கால் மைலுக்கு உங்களுக்கு முன்னால ஒருத்தரும் இல்லை."

அவள் சொன்ன பாதை எங்கள் வீட்டிலிருந்து தெற்கே, மோட்டர்வேயில் போனால் அதிக தூரமில்லை. வயல்வெளிக்கு நடுவே நேராக ஒரு தார்ப்பாதை. இரண்டு இரண்டு கார்களாக நின்ற இடத்திலிருந்து புறப்பட்டுக் கால் மைல் ஓடவேண்டும். அவ்வளவுதான் போட்டி. ஞாயிறுகளில் அவள் அங்கே ஓடினாள். அங்கே வருபவர்களில் பெரும்பாலானவர்கள் தலை நரைத்த வெள்ளைக்கார ஆண்கள், மடிப்புக் கதிரையில் இருந்து தேநீர் குடிப்பவர்கள். அவர்களிடம் அவளுக்கு ஒரே ஒரு குறை.

"எல்லாரும் ஒரே கதைதான் கதைக்கினம். இந்தக் காலத்துப் பெடியளுக்கு இதில விருப்பமில்லையாம், எல்லாரும் ஃபோனுக்குள்ளயாம். சரி, ஒரு பெடியனையாவது வா எண்டு கேட்டனீங்களோ எண்டு கேட்டன். ஒருத்தரும் கேக்கேல்லை."

அவள் கேட்டாள். முதலில் என் மகன் ஆரனைக் கேட்டாள். அவனுக்குப் பத்தொன்பது வயது. லைசன்ஸ் எடுக்கவே மாட்டேன் என்று ரெயிலில் பல்கலைக்கழகம் போய் வருபவன். அவள் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது, அந்தக் கார் எவ்வளவு பெற்றோலைக் குடிக்கிறது, எவ்வளவு புகையைக் கக்குகிறது என்று இங்கிலிஷில் ஒரு பிரசங்கமே செய்தான். நான் அவனை அடக்கப் பார்த்தேன். அவள் முழுவதையும் கேட்டாள், சோபாவின் நுனியில் இருந்துகொண்டு, தலையை ஆட்டி ஆட்டி.

"ஓம். நீ சொல்லுறது எல்லாம் சரி" என்றாள். பிறகு, "வாறியோ?"

அவன் சிரித்துவிட்டான். ஆனால் போகவில்லை.

சனிக்கிழமைகளில் பிளாக்ஹவுஸ் பே பக்கம் வாடகை மண்டபம் ஒன்றில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கும். அவள் சின்ன வகுப்பு ரீச்சர். வகுப்பு முடிந்ததும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் மஞ்சள் காரைச் சுற்றி நிற்பார்கள். ஒவ்வொருவராக ஏற்றிக் கடற்கரை வரை போய்த் திரும்புவாள், பெற்றோரிடம் கேட்டுவிட்டுத்தான். அப்படிப் போய் வந்த பையன்களில் ஒருவன், லைசன்ஸ் கிடைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, தகப்பனின் காரைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு, கூட்டாளிகளோடு தொழிற்பேட்டைத் தெரு ஒன்றில் ஓட்டப் பந்தயம் விட்டு, விளக்குக் கம்பத்தில் மோதிவிட்டான். உயிருக்கு ஒன்றுமில்லை. தோள் எலும்பு முறிந்தது. கூட இருந்தவனுக்கு நெற்றியில் தையல்.

அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் பெற்றோர் எல்லாரும் வட்டமாக நின்றார்கள். அந்தப் பையனின் தாய் ஒரு வங்கியில் வேலை செய்பவர், யாழ்ப்பாணத்து மனிசி, சத்தம் போட்டுக் கதைத்து நான் அதுவரை கேட்டதில்லை. அன்றும் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீர்தானே இவங்களுக்கு ஆசை காட்டினது" என்றார் அவளைப் பார்த்து.

இவள் மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்க நியாயமும் இருந்தது. அவள் முகம் வெளிறிப்போயிருந்தது, ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

"ஓம் அன்ரி. ஆசை காட்டினது நான்தான்."

"பிறகு?"

"ஆனா ஆசை எனக்கு முதலே அவனிட்ட இருந்தது அன்ரி. அவனுக்கு எங்க ஓடுறதெண்டு தெரியேல்லை. அதை நான் இன்னும் வடிவாச் சொல்லியிருக்கவேணும். ரோட்டில ஓடுறவனைத்தான் நான் முதல்ல அங்க கூட்டிக்கொண்டு போயிருக்கவேணும்."

"இன்னும் கூட்டிக்கொண்டு போகப் போறீரோ?"

"ஓம். நீங்களும் வாங்கோ."

யாரோ ஒருவர் இனி இவளை வகுப்பெடுக்க விடக்கூடாது என்றார். இன்னொருவர் ஆமோதித்தார். இத்தனைக்கும் நடுவில், கையில் கார்த் திறப்பை வைத்துக்கொண்டு நின்றவள், அந்தத் தாயிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அன்ரி, கார் இல்லாமல் பஸ்ஸிலதானே வந்தனீங்கள். நான் கொண்டுபோய் விடட்டோ?"

அவர்களுடைய வீட்டுக் காரைத்தானே பையன் நொறுக்கியிருந்தான். அந்தத் தாய் அவளையே பார்த்தார். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெளியே நடந்து போய் மஞ்சள் காரின் முன் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். நாங்கள் எல்லாரும் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றோம். கார் ஒரு பாட்டியின் கார் போல அவ்வளவு பவ்வியமாகத் தெருவில் இறங்கிப் போனது.

வழியில் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்டபோது, "அன்ரி அழுதவ. நானும் அழுதனான். பிறகு அன்ரி ஏசி போடச் சொன்னவ" என்றாள். அந்தத் தாயிடம் பின்னொருநாள் கேட்டேன். "சத்தம் நெஞ்சுக்குள்ள போய் இருக்குதப்பா. இறங்கின பிறகும் போகேல்லை" என்றார்.

அப்படித்தான் ஒரு ஞாயிறு காலை நாங்கள் ஒரு படையாக அந்தப் பாதைக்குப் போனோம். அந்தத் தாய், கையைத் துணியால் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்ட அவருடைய மகன், பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் சிலர், நான், நான் இழுத்துக்கொண்டு வந்த ஆரன். ரப்பர் எரிந்த மணமும் பொரித்த வெங்காய மணமும் கலந்து காற்றில் நின்றன. புறப்படும் இடத்தில் கார்கள் டயரைச் சூடாக்குவதற்காக நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றின. வெள்ளைப் புகை எழுந்து எங்கள் மேல் வந்தது. அந்தத் தாய் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார், கண்ணை மட்டும் மூடவில்லை.

ஓடும்போது யாரும் பக்கத்தில் இருக்கக்கூடாது என்பது அங்கத்தைய விதி. அவளுக்கு அதுதான் பெரிய கஷ்டம். ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு ஏறியவள், காலியான பக்கத்து சீற்றின் பெல்ற்றை இழுத்துக் கொளுவிவிட்டாள். "சும்மா கிடந்தாப் பாக்க ஏலாதக்கா" என்று ஹெல்மெற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவளுக்கு எதிராக வந்து நின்றது ஒரு வெள்ளை மின்சாரக் கார். பின் சீற்றில் குழந்தை இருக்கை கொளுவிய சாதாரண வீட்டுக் கார். ஓட்டியவன் மெலிந்த ஒரு சீனப் பையன், பல்கலைக்கழக மாணவன், கார் தகப்பனுடையது. மடிப்புக் கதிரைக்காரர்கள் சிரித்தார்கள். மஞ்சள் கார் உறுமியபோது என் கையிலிருந்த தேநீர்க் கோப்பையில் வட்ட வட்டமாக அலை எழுந்தது. இரண்டு கார்களுக்கும் நடுவே ஒரு கம்பத்தில் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக எரியும் விளக்குகள். மஞ்சள், மஞ்சள், மஞ்சள், பச்சை.

வெள்ளைக் கார் போய்விட்டது. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு சத்தமும் இல்லை, ஒரு புகையும் இல்லை, நின்ற இடத்தில் இல்லை. எங்கள் தேனீ பின்பக்கத்தை ஆட்டி, பிடித்து, இடியிடித்துக்கொண்டு துரத்தியது. பாதி தூரத்தில் கொஞ்சம் நெருங்கியதுபோல இருந்தது. எங்கள் பெண் பிள்ளைகள் வேலிக் கம்பியைப் பிடித்து உலுக்கிக் கூவினார்கள். தாயும் கூவினார். தோற்றுவிட்டாள், நன்றாகவே தோற்றுவிட்டாள்.

அழுதுகொண்டு வருவாள் என்று நினைத்தேன். காரை நிறுத்தியதும் நிறுத்தாததுமாகக் குதித்து ஓடிவந்தாள். ஹெல்மெற் அழுத்திய தடம் கன்னத்தில் சிவப்பாக இருந்தது.

"பாத்தீங்களோ அக்கா? அவன் போனதைப் பாத்தீங்களோ?"

என் பதிலுக்கு நிற்கவில்லை. நேரே அந்தப் பையனிடம் போய், உன் காரில் ஒருமுறை ஏறலாமா என்று கேட்டாள். மோட்டர்வேக்கு ஏறும் சரிவில் சட்டம் விட்ட வேகம்வரை அவளைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தான். இறங்கியவள் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள். "ஒண்டுமே கேக்கேல்லை. ஆனா குடல் பின் சீற்றில நிக்குது." பிறகு அவனைத் தன் காரில் ஏற்றினாள். இந்தக் காரின் சத்தம் வீடியோ கேமில் கேட்டுத் தனக்கு மனப்பாடம் என்றும், அது முதுகெலும்பால் ஏறும் என்று எந்தக் கேமும் சொல்லவில்லை என்றும் அவன் எங்களிடம் சொன்னான்.

திரும்பி வரும் வழியில் ஆரனிடம் கேட்டேன், எப்படி இருந்தது என்று. "நல்லாயிருந்தது அம்மா. உண்மையா" என்றான், அபூர்வமாகத் தமிழில். "ஆனா எனக்கு வேண்டாம்." இன்றுவரை அவன் லைசன்ஸ் எடுக்கவில்லை. பெண் பிள்ளைகளில் இருவர் அடுத்த மாதமே எழுத்துப் பரீட்சைக்குப் பதிந்தார்கள். தோள் முறிந்த பையன் கோடை முழுவதும் பாதையில் வேலிக்குப் பக்கத்தில் நின்றான், தாயோடு. பிறகு தெருவில் அவன் ஓடியதாக யாரும் சொல்லவில்லை. இளம் ஆட்களுக்கு இதில் இன்னும் விருப்பம் இருக்கிறதா என்று அந்த நரைத்த மனிதர்கள் என்னைக் கேட்டால், எனக்கு இந்த அளவுக்குத்தான் சொல்லத் தெரியும்.

நான் வேறொன்றைத்தான் எதிர்பார்க்கவில்லை. அந்த ஞாயிறுக்குப் பிறகு கண்ணாடிக் கடையில் ஆட்களுக்கு எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லிவிட்டு நிற்கும்போது, மனதுக்குள் விளக்குகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. மஞ்சள், மஞ்சள், மஞ்சள். எனக்கு நாற்பத்தெட்டு வயது. காரில் போகும்போது இதை அவளிடம் சொன்னேன், பகிடிபோல. அவள் பகிடியாக எடுக்கவில்லை.

"உங்கட காரைக் கொண்டு வாங்கோவன். ஆர் வேணுமெண்டாலும் ஓடலாம்தானே."

"என்ர ஹைபிரிட்டோ? அது மரக்கறி வாங்கப் போற கார்."

"அதுக்கும் நாலு சில்லு இருக்குது."

கோடையின் கடைசி ஓட்ட நாள். அவள் பேர்த்தில் வேலை கிடைத்து, மஞ்சள் காரை ஹமில்டன் பக்கத்தில் ஒருவருக்கு விற்பதற்குப் பேசியும் முடித்திருந்தாள். கணவரிடம் நான் முழு விபரம் சொல்லவில்லை. பார்க்கப் போகிறேன் என்றேன். என் காரைச் சோதித்தவர் பின்பெட்டியிலிருந்த அரிசி மூட்டையை இறக்கச் சொன்னார். அவளுடைய ஹெல்மெற் எனக்குக் கொஞ்சம் இறுக்கம். வரிசையில் நின்றபோது எனக்குப் பக்கத்து ஓடுபாதையில் யார் வருவார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஏழு பேர் இருக்கக்கூடிய ஒரு சாம்பல் நிற வான் ஊர்ந்து வந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் அந்தத் தாய், மகனுக்கென்று வாங்கிய ஹெல்மெற்றோடு.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியை இறக்கினார்.

"நீர் ஓடுறீர் எண்டு உவள் சொன்னவள். அதுதான்" என்றார்.

வேலிப் பக்கம் பார்த்தேன். எங்கள் பிள்ளைகள் எல்லாரும் கம்பியில் தொங்கிக்கொண்டு நின்றார்கள், ஆரன்கூட. அவள் அவர்களுக்கு நடுவில் நிற்க முடியாமல் குதித்துக்கொண்டிருந்தாள், எங்கள் இருவரின் பக்கத்திலும் இருக்க வழியில்லாமல். விளக்கு இறங்கியது. பச்சையைக் கண்டதும் காலால் என்னால் ஆன மட்டும் அழுத்தினேன். அரிசி இல்லாத என் கார், இத்தனை வருடத்தில் ஒருநாளும் போடாத ஒரு சத்தத்தைப் போட்டது. பாதை எனக்கு முன்னால் வெறுமையாகக் கிடந்தது. ஒருவரும் இல்லை, ஒரு சந்தியும் இல்லை, ஒரு சிவப்பு விளக்கும் இல்லை. நான் ஏதோ கத்திக்கொண்டே போனேன், என்ன கத்தினேன் என்று தெரியாது. கடைக்கண்ணில் வேலிக்கு அந்தப் பக்கம் அவள் எங்களோடு சேர்ந்து ஓடிவருவது தெரிந்தது, புல்லுக்குள்ளால், விட்டால் கடைசிவரை ஓடிவிடுவாள் போல. பிறகு அவளும் பின்னுக்குப் போய்விட்டாள். எனக்கு முன்னால் மெல்ல மெல்லச் சாம்பல் நிற வான் மூக்கை நீட்டியது.

திரும்பி வரும் ஒழுங்கையில் இரண்டு காரும் அருகருகே நின்றன. எனக்கு மூச்சு வாங்கியது. அவருக்கும்தான். ஹெல்மெற்றைக் கழற்றி மடியில் வைத்து, கலைந்த கொண்டையை ஒரு கையால் சரிசெய்துகொண்டு, அந்தத் தாய் என் பக்கம் திரும்பினார்.

"வரிசை குறைவாத்தான் கிடக்கு" என்றார். "இன்னொருக்கா ஓடுவமோ?"